கேபின் வைத்த படகு

அருளுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கப்பா சுகம். பட்டறையில் இரண்டு லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், வெல்டிங் சத்தத்தில் காது போகிறது. என் தார்ப்பாய்க் கடைக்குள் பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது, அதுகளும் சுகம். நான்தான் சுகமாக இல்லை. இன்று காலையில் மெர்சி போன் செய்தாள். "அத்தை, ஞாயித்துக்கெழம படகுல போறப்ப வாந்தி வராம இருக்க என்னங்க பண்ணலாம்? படகு ரொம்ப ஆடுமாங்க?" என்று கேட்டாள். வயிற்றில் பிள்ளை இருப்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது, சோற்று வாசனைக்கே குமட்டுகிற பெண். "எலுமிச்சம்பழத்த மோந்துக்க சாமி" என்று சொல்லிவிட்டு, குக்கர் சத்தம் போடுகிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்பதுதான் என் பிரச்சினை.

போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். உன்னிடம் எப்படிப் பேசுவது? நீ எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், பக்கத்தில் மெர்சி இருப்பாள். இந்தப் பக்கம் உங்கப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு, "கேப்டன் என்ன சொல்றான்?" என்பார். நான் ஒரு வார்த்தை எடுத்தால் நீ "செரிம்மா, செரிம்மா" என்று இரண்டு முறை சொல்வாய். நீ இரண்டு முறை செரி என்றால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம், அது உனக்கு மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். அதனால்தான் மத்தியானம் பட்டறை ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், தைக்க வேண்டிய தார்ப்பாயைக் கீழே விரித்து அதன் மேலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து உன் போனுக்கே அனுப்பிவிடுவேன். முழுவதும் படி. நடுவில் கோபம் வந்தாலும் கீழே வைத்துவிடாதே.

நீ எதற்காகப் படகு வாங்கினாய் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போர்வெல் ரிக்கில் ஏறி ஊர் ஊராகப் போனாய், பாஷை தெரியாத இடத்திலெல்லாம் பாறையில் துளை போட்டாய், வருஷத்துக்கு ஒருமுறை தலைமயிரெல்லாம் வெள்ளைப் புழுதியோடு வீட்டுக்கு வருவாய். தண்ணீருக்காகத் துளை போட்டுப் போட்டு அலுத்துப் போய், இனிமேல் தண்ணீர் மேலேயே உட்கார்ந்து பிழைக்கிறேன் என்று ஒருநாள் சொன்னபோது நான் சிரித்தேன், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. எங்கேயோ காயலில் ஓடிக்கொண்டிருந்த ஃபைபர் படகை மோட்டாரோடு வாங்கி லாரியில் ஏற்றி நம் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினாய். திருச்செங்கோட்டு ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். இதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், வருகிற ஜனங்களை ஏற்றித் தீவு காட்டப் போகிறேன் என்றாய். அன்றைக்கு அது திறந்த படகு, மேலே ஒன்றும் இல்லாமல் லேசாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காதோ என்னவோ.

உங்கப்பாவால் எதையும் அப்படியே விட முடியாது. பட்டறைக்குள் வந்த பொருளுக்குப் பாடி கட்டாமல் அனுப்பினால் அவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்காது. இரும்பு ஆங்கிள் வைத்து, பிளைவுட் அடித்து, மேலே தகடு போட்டு, லாரிக் கண்ணாடி மாட்டி ஒரு கேபின் எழுப்பினார். இரண்டு பக்கமும் லாரிக் கதவு. முன்னால் வைப்பர். கூரை மேல் கேரியர், அதில் டீசல் கேன் வைக்க இடம். பெயிண்டரை வரவழைத்து இரண்டு பக்கமும் தாமரை, பின்னால் கழுகு. பார்க்க அழகாக இருந்தது, நானே பெருமையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பாடி கட்டுவதில் நம் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கேபின் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெயில் படாது, மழை படாது, தண்ணீர் தெறிக்காது என்று அவர் சொன்னார், நாம் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

நம் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு, உனக்குத் தெரியாததா. வண்டிக்காரர் வந்து பாடியைத் தட்டிப் பார்ப்பார், "தாங்குமுங்களா?" என்பார். உங்கப்பா "தாங்குமுங்க" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இத்தனை வருஷத்தில் "தாங்காதுங்க" என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேட்கிறவருக்கும் அது கேள்வி இல்லை, ஒரு மரியாதை. பாலத்தில் ஏறுமா, மேட்டில் இழுக்குமா, எத்தனை லோடு என்றெல்லாம் தனியாகப் பேசிக்கொள்வார்கள், இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒரே பதில்தான். தாங்காது என்று சொன்னால் பட்டறைக்கு அவமானம். லாரிக்கு அது சரிதான். தாங்காவிட்டால் ஸ்பிரிங் பட்டை உடையும், ரோட்டோரம் நிறுத்தி ஜாக்கி போடலாம்.

மேட்டூர் அணைக்கு அதைக் கொண்டுபோன நாளை நாம் மூன்று பேரும் இதுவரை வாய் திறந்து பேசவில்லை. நான் எழுதுகிறேன், நீ படி. போன ஆடி மாதம், அணை நிறையத் தண்ணீர். உனக்கும் மெர்சிக்கும் நிச்சயம் முடிந்த புதிது. படகைப் பார்க்க வேண்டும் என்று சேலத்திலிருந்து மெர்சியும் அவள் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். முதலில் வீட்டு ஆட்கள் ஏறிப் பார்க்கிறோம், அப்புறம் நீங்கள் ஏறலாம் என்று அவர்களைக் கரையில் விட்டுவிட்டு நாம் மூவரும் கிளம்பினோம். காலையில் தண்ணீர் துணி விரித்தது போலக் கிடந்தது. அக்கரைக்குப் போனதே தெரியவில்லை. நான் ஜன்னலைத் திறந்து கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போனேன், நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். காலையில் பார்த்த அந்தத் தண்ணீரை வைத்துத்தான் உங்கப்பா இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்.

அக்கரையில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்தால் காற்று கிளம்பியிருந்தது. ஆடிக் காற்று எனக்குப் புதிதில்லை, தைத்துக் காய வைத்த தார்ப்பாயை ஆளோடு தூக்கிக்கொண்டு போகிற காற்று. அணைத் தண்ணீரில் அது என்ன செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன். உயரம் என்று பார்த்தால் முழங்கால் அளவு அலைதான், ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி நெருக்கி வந்தது. திரும்பி வரக் கிளம்பினோம். படகு ஒவ்வொன்றிலும் எகிறி எகிறி விழுந்தது, எனக்கு இடுப்பெலும்பு போயிற்று. "கரைக்கே திருப்பீரு சாமி, காத்து நின்னப்பறம் போலாம்" என்றேன். நீயும் திருப்பினாய். அதோடு இருந்திருக்கலாம். அக்கரைக்கே திரும்பி வந்ததும் உங்கப்பாவுக்கு யோசனை பிறந்துவிட்டது. "காலி வண்டியாட்டத் துள்ளுதுடா. லோடு இல்லீன்னா எந்த வண்டியும் அப்படித்தான். முன்னால வெயிட்டப் போட்டா உக்காந்துக்கும்" என்றார். நீயும் "ஆமாங்கப்பா" என்றாய். படகில் கிடந்த சாக்குகளில் அப்பனும் மகனுமாக மணலை அள்ளி அள்ளி நிரப்பி முன்பக்கம் அடுக்கினீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காலி லாரி குழியில் குதிப்பதும் லோடு ஏற்றினால் அமைதியாகப் போவதும் நாம் தினமும் பார்ப்பது. லாரிக்காரக் குடும்பத்தைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் வந்தது, துள்ளல் நின்றுவிட்டது. உங்கப்பா என்னைப் பார்த்து, "எப்புடி?" என்றார். நடு அணைக்கு வந்தபோது அலை பெரிதாயிற்று. முன்பு படகு அலை மேல் ஏறி விழுந்தது. இப்போது ஏறவே இல்லை, மூக்கை அலைக்குள் விட்டது. முன் கண்ணாடி முழுவதும் தண்ணீர். நீ பழக்க தோஷத்தில் வைப்பரைப் போட்டாய், அது பாட்டுக்கு அணையைத் துடைத்துக்கொண்டிருந்தது. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. கதவிடுக்கில் தண்ணீர் வந்து செருப்பு மிதந்தது. நீ திருப்பப் பார்த்தாய். திருப்பும்போது படகு விலாவை அலைக்குக் காட்டி நின்றது, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் உங்கப்பா பக்கம் ஓடியது, கூரை மேலிருந்த கேன்களும் சேர்ந்து இழுத்தன. சாய்ந்த படகு நிமிரவில்லை. பின்னால் மோட்டார் மாட்டுவதற்காகத் தாழ்வாக வெட்டி வைத்த இடத்தின் வழியாக ஒரு அலை உள்ளே வந்தது, மோட்டார் நின்றுவிட்டது.

மோட்டார் நின்ற பிறகு ஒரு அமைதி வந்ததே, அது இன்னும் என்னை விடவில்லை. நான் நடுவில், எனக்குக் கீழே உங்கப்பா, மேலே நீ. உங்கப்பா கதவைத் தள்ளினார், வெளியே தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்தது, அசையவில்லை. உன் பக்கத்துக் கதவு ஏறக்குறைய தலைக்கு மேல் இருந்தது, அவ்வளவு கனமான கதவை மேல்நோக்கித் திறக்க உன்னால் முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் நான். பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். செபம் கூட வாயில் வரவில்லை, "அருள் நிறைந்த" என்று தொடங்கி அதற்கு மேல் மறந்துவிட்டது. நீ ஜன்னல் வழியாக ஏறப் பார்த்தாய், லைஃப் ஜாக்கெட் ஜன்னலில் சிக்கிக்கொண்டது, உடம்பு வெளியே வரவில்லை. அதைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனாய். என் பிள்ளை வெறும் உடம்போடு தண்ணீருக்கு மேல் தொங்குகிறான், அவன் ஜாக்கெட் என் மடியில் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு உன் மேல் வந்த கோபம் சாமி, உயிரோடு வெளியே வந்தால் உன்னை அறைய வேண்டும் என்று இருந்தது.

நீ கூரையைப் பிடித்துத் தவழ்ந்து முன்னால் போய் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாய். ஒவ்வொரு மூட்டைக்கும் படகு கொஞ்சம் எழுந்தது. காற்றே நம்மைக் கொண்டுபோய்க் கரையோரச் சேற்றில் சொருகியது. அது சேறு என்பதால் இன்று நான் எழுதுகிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாளியால் இறைத்தோம். பொழுதோடு காற்று அடங்கிய பிறகு மோட்டாரைத் துடைத்து ஓட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி இக்கரைக்கு வந்தோம். மெர்சி வீட்டார் பூங்கா பார்த்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்பா எழுந்து வந்து, "எப்படிங்க சம்பந்தி, தாங்குமுங்களா?" என்றார். மருந்துக்கடை வைத்திருக்கிற மனிதருக்கு அந்த வார்த்தை எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, பட்டறையில் கேட்டிருப்பார். உங்கப்பா இடுப்பு வரை ஈரமாக நின்றுகொண்டு, "தாங்குமுங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். மெர்சி உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உங்கப்பா செய்தது என்ன தெரியுமா, உனக்குத் தெரியும், நீதான் கூட நின்றாய். தண்ணீர் உள்ளே வந்ததுதானே தப்பு என்று கதவுக்கெல்லாம் ரப்பர் பீடிங் போட்டு இறுக்கினார். ஜன்னலைச் சின்னதாக்கினார். இப்போது வெளியிலிருந்து ஒரு சொட்டு வராது என்கிறார். உள்ளேயிருந்து எப்படி வெளியே போவது என்று நான் கேட்டேன். "போயிட்டிருக்கறப்ப எதுக்குப் புள்ள வெளிய போகோணும்?" என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை. அவருக்கு அன்று பயம் வந்தது, பயம் வந்தது என்று சொல்லத் தெரியாமல் ரப்பர் போடுகிறார்.

ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிறகு உன் கல்யாணம் ஆயிற்று, நீங்கள் கடற்கரைக்குக் குடி போனீர்கள். படகு போட்டோவைப் போட்டு உங்கப்பா பட்டறைக் காலண்டரே அடித்துவிட்டார். கோயிலில் பூசை முடிந்து வந்தால், "பையன் கப்பல் விட்டுட்டானாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் படகைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார், மந்திரித்த கையோடு மெர்சி, அவள் அப்பா அம்மா, அவள் அக்கா குடும்பம், நாங்கள் இரண்டு பேர் எல்லோரும் ஏறித் தீவுக்குப் போகிறோம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். மெர்சி அம்மா எனக்கும் சேர்த்து இளம்பிள்ளை ஊருக்கே போய்ப் பட்டுச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். எல்லோரும் ஒரே நிறத்தில் போட்டோ எடுக்க வேண்டுமாம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அந்தக் கேபினுக்குள் உட்கார வேண்டும். வரமாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் உங்கப்பா பொய் சொன்னார் என்று ஆகும், நீ தெரிந்தே மறைத்தாய் என்று ஆகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு ஏறுவாள். இந்த வாரம் முழுவதும் எனக்கு வீடே அந்தக் கேபின் மாதிரி இருக்கிறது, எந்தக் கதவைத் தள்ளினாலும் வெளியே ஏதோ அழுத்துகிறது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டறையில் புது லாரிக் கேபினுக்குள் ஏறி ஓட்டி விளையாடினாய். கதவு சாத்திக்கொண்டது, உள்பக்கக் கைப்பிடி இன்னும் மாட்டியிருக்கவில்லை. நல்ல சித்திரை வெயில். ஊரெல்லாம் தேடினோம். கடைசியில் பெயிண்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தார், நீ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வேர்த்து ஊற்றிப்போய் உட்கார்ந்திருக்கிறாய். ஹாரன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "ஏன்டா கத்தல, ஏன் ஹாரன் அடிக்கல?" என்று கேட்டால், "அப்பா திட்டுவாரு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு அழுதேன். மாட்டிக்கொண்டேன் என்று சொல்வதைவிட மாட்டிக்கொண்டே இருப்பது மேல் என்று நினைக்கிற பிள்ளை நீ.

எனக்குப் படகு தெரியாது. ஆனால் அதற்குள் மாட்டியவள் என்கிற முறையில் சில விஷயம் சொல்கிறேன், கேள். லாரிக்குக் கீழே ரோடு இருக்கிறது. எத்தனை லோடு ஏற்றினாலும் ரோடு மேலே ஏறி வண்டிக்குள் வராது. தண்ணீர் வரும். அத்தனை பேர் ஏறி உட்கார்ந்த பிறகு தண்ணீருக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் எத்தனை சாண் மிச்சம் இருக்கிறது என்று நீ பார்த்தாயா? பின்னால் மோட்டார் வெட்டு இருக்கிற இடத்தில் பார்த்தாயா? அங்கே எனக்குத் தெரிந்து சாண் கூட மிஞ்சாது. அப்புறம் அந்தக் கேபின். நான் தார்ப்பாய் தைக்கிறவள், வைக்கோல் லோடுக்குக் கட்டின தார்ப்பாயில் பக்கக் காற்று அடித்தால் லாரியே சாய்கிறதைப் பார்த்திருக்கிறேன். தலையில் இரும்பையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய சுவரையும் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, ஒரு சின்னப் படகு விலாவில் அலை வாங்கினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்தாயிற்று. மோட்டார் ஒன்றுதான், அது நின்றால் படகு தானாகவே விலாவைத்தான் காட்டும்.

அலை எவ்வளவு உயரம் என்று நீ போனில் பார்த்துச் சொல்கிறாய். உயரத்தை மட்டும் பார்க்காதே சாமி. பெரிய அலை நிதானமாக வந்தால் படகு ஏறி இறங்கிவிடும் என்கிறார்கள், மேட்டூரில் நம்மைக் கவிழ்க்கப் பார்த்தது முழங்கால் அலைதான், அது நெருக்கமாக வந்ததுதான் வினை. இப்போது அங்கே காற்றுக் காலம், காலையில் சும்மா கிடக்கிற கடல் பத்து மணிக்கு மேல் வெள்ளை வெள்ளையாக நுரைக்கிறது என்று நீயேதான் சொன்னாய். போகும்போது இருக்கிற கடலை வைத்துக் கணக்குப் போடாதே, திரும்பி வரும்போது இருக்கப் போகிற கடலை வைத்துப் போடு. அங்கே ஒதுங்கச் சேறு இருக்காது. உன் படகைப் பார்த்து அங்கத்து மீன்பிடிக்கிறவர்கள் "காரு வந்துருச்சு" என்று சிரிக்கிறார்கள் என்று நீ சொன்னாய். பொறாமை என்று நினைத்து நீ சிரித்தாய். அவர்கள் ஏன் யாரும் படகுக்குக் கேபின் வைத்துக் கதவு சாத்தவில்லை என்று ஒருநாளாவது கேட்டாயா? லைஃப் ஜாக்கெட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கேபின் கொக்கியில் வரிசையாக மாட்டியிருப்பதை வீடியோவில் பார்த்தேன். மாட்டிக்கொண்டால் ஜன்னல் வழியாக வர முடியாது, கழற்றினால் மிதக்க முடியாது. மெர்சிக்கு எதைச் சொல்லிக் கொடுக்கப் போகிறாய்?

கேபினைக் கழற்று. கழுகும் தாமரையும் போகட்டும், உங்கப்பா இரண்டு நாள் பேச மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஆள் கனத்துக்கு மூட்டை வைத்து, பக்கத்தில் இன்னொரு படகைத் துணைக்கு வைத்துக்கொண்டு, காற்று அடிக்கிற நேரத்தில் நீ போய்ப் பார். விலாவில் அலை வாங்கிப் பார், நிமிர்கிறதா என்று பார். நிமிர்ந்தாலும் கடல் தெரிந்த ஒருத்தர் சரி என்று சொல்கிற வரை ஒரு பிள்ளையையும் ஏற்றாதே. சரி இல்லை என்றால் அந்தப் படகு காயலுக்குத் திரும்பிப் போகட்டும், அது அங்கே பிறந்த பண்டம்தான். இதெல்லாம் எழுதிவிட்டு, யோசித்து முடிவெடு என்று முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இந்த இடத்தில் மறுபடியும் மெர்சி போன் செய்தாள். சேலைக்கு ரவிக்கை அளவு கேட்க. அளவைச் சொன்னேன். அப்புறம் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, மேட்டூரில் நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன். மணல் மூட்டை, வைப்பர், கதவு, நீ ஜாக்கெட்டைக் கழற்றியது, என் கையை அழுத்தியது, எதையும் விடவில்லை. அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். "மெர்சி, இருக்கறயா கண்ணு?" என்றேன். "இருக்கேங்க அத்தை" என்றாள். அப்புறம் மெதுவாக, "நேத்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப இவரு திடீர்னு என்னைக் கேட்டாருங்க, உனக்கு நீச்சல் தெரியுமான்னு. தெரியாதுன்னேன். அதுக்கப்புறம் அவரு சாப்பிடலைங்க அத்தை, தட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. குழம்பு நல்லா இல்லையோன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டு இந்தத் தார்ப்பாய் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் சாமி. மேலே பக்கம் பக்கமாக நான் எழுதியது ஒன்றும் உனக்குத் தெரியாதது இல்லை. எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, சாமியாருக்குச் சொல்லியாயிற்று, சம்பந்தி வீட்டார் கிளம்பியாயிற்று, அப்பா காலண்டர் அடித்துவிட்டார் என்று ஒற்றையாக உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இனி ஒற்றை இல்லை. மெர்சி ஏற மாட்டேன் என்று சொல்லித்தான் போனை வைத்தாள், அவளே அவள் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லியிருப்பாள் இந்நேரம். உங்கப்பா சாப்பிட்டு எழுந்து வந்ததும் அவரிடமும் சொல்லப் போகிறேன். எல்லோரும் என்னைத்தான் திட்டுவார்கள், நீயும் அவர்களோடு சேர்ந்து நன்றாகத் திட்டு, கெட்ட பேர் முழுவதும் என்னுடையதாகவே இருக்கட்டும். நீ யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. இன்று ராத்திரி அந்தப் பெண் சோறு போடுவாள், தட்டைப் பார்க்காமல் சாப்பிடு.

அம்மா